மாலை வகுப்பு பகல் வகுப்பைத் தொடர வேண்டும்

கற்றலில் பின்தங்கும் பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரமும் தனிக் கவனிப்பும் தேவை என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த ஏற்பாடு வகுப்பறைக் கற்பித்தலின் இடத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. அதற்குச் சம்பந்தமில்லாமல் தனியே ஓடவும் கூடாது. இதுவே எங்கள் நிலைப்பாடு.

பெருந்தொற்றுக்குப் பின் தமிழ்நாடு இதில் நிறையவே முயன்றிருக்கிறது. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, தன்னார்வலர்களைக் கொண்டு மாலையில் குடியிருப்புகளிலேயே வகுப்பு நடத்தியது. 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம், தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பார்த்து வகுப்பறைக்குள்ளேயே கற்பிக்கச் சொன்னது. 2025இல் 6 முதல் 9ஆம் வகுப்பு வரைக்கும் திறன் திட்டம் வந்தது. இவற்றில் எண்ணும் எழுத்தும் பிடித்த வழியே சரி என்று கருதுகிறோம். பிள்ளையை வெளியே அனுப்பாமல், பாடத்தை அதன் நிலைக்குக் கொண்டுவருகிற வழி அது.

மாலை வகுப்பு தனியே ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 52இலிருந்து 27ஐக் கழிக்க வேண்டும். பகலில் ஆசிரியர் பத்துக் குச்சிக் கட்டு ஒன்றைப் பிரித்து, இருக்கும் இரண்டோடு சேர்த்து 12 ஆக்கிக் காட்டுகிறார். மாலையில் சொல்லித்தரும் அக்கா, நல்ல மனத்தோடுதான், “பக்கத்தில் கடன் வாங்கு, 5ஐ அடித்து 4 போடு” என்கிறார். நன்றாகக் கணக்குப் போடும் பிள்ளை இரண்டும் ஒன்றே என்று தானே கண்டுகொள்ளும். தடுமாறும் பிள்ளைக்கோ இவை இரண்டு வெவ்வேறு கணக்குகள். யாருக்கு உதவி அதிகம் தேவையோ, அந்தப் பிள்ளை மீதே இரட்டைச் சுமையை ஏற்றுகிறோம்.

ஆகவே துணைப் பயிற்சி, அந்த வாரம் வகுப்பில் நடக்கும் பாடத்தை அதே பொருள்களையும் அதே சொற்களையும் கொண்டே நடத்த வேண்டும். பிள்ளை எங்கே தடுக்கி நிற்கிறது, ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் மயங்குகிறதா, இடமதிப்பில் குழம்புகிறதா என்பது வகுப்பாசிரியருக்குத் திரும்பி வர வேண்டும். பாட வேளையிலோ விளையாட்டு வேளையிலோ பிள்ளையை எழுப்பிக் கூட்டிப்போவதை நாங்கள் ஏற்கவில்லை. இன்று தவறவிட்ட புதிய பாடத்துக்கு அடுத்த மாதம் இன்னொரு துணைப் பயிற்சி வேண்டியிருக்கும்.

ஐந்து வகுப்புகளை இருவர் பார்க்கும் பள்ளியில், எமிஸ் எனும் கல்வித் தகவல் தளத்தில் பதிவு முடித்து மிஞ்சும் நிமிடங்களில் இதெல்லாம் நடக்காது. வகுப்பாசிரியரும் துணைப் பயிற்சி தருபவரும் சேர்ந்து திட்டமிட வாரம் ஒரு பாடவேளை ஒதுக்க வேண்டும். அந்த வேளையில் வேறு பணி எதையும் தரக் கூடாது. ஈராசிரியர் பள்ளிகளில் மூன்றாவது ஆசிரியர் இல்லாமல் அதற்கு வழியில்லை. அந்தப் பணியிடங்களுக்கு அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே அரசு பணம் ஒதுக்க வேண்டும்.