சோதனை என்னும் சொல்

தமிழில் சோதனை என்ற சொல்லுக்குத் துன்பம் என்றும் ஒரு பொருள் உண்டு. 'இது என்ன சோதனை' என்று தெய்வத்திடம் முறையிடுவது அந்தப் பொருளில்தான். மாரடைப்பு கண்டவரின் மனைவியிடமோ மகனிடமோ அவசரப் பிரிவின் வாசலில், 'ஒரு மருந்துச் சோதனை நடக்கிறது, இவரையும் சேர்த்துக்கொள்ளலாமா?' என்று கேட்டால், அவர்கள் காதில் விழுவதும் அதே பொருளாகத்தான் இருக்கும். எங்கள் ஆளை எலியாக்கப் பார்க்கிறார்களா என்ற அச்சம் உடனே எழும்.

அந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அத்தகைய ஆய்வுகளால் நாம் பெற்றது என்ன என்பதும் பேசப்பட வேண்டும். 1988ஆம் ஆண்டு லான்செட் இதழில் வெளியான 'ஐசிஸ்-2' ஆய்வில், 417 மருத்துவமனைகளைச் சேர்ந்த 17,187 நோயாளிகள் பங்கேற்றனர். மாரடைப்பாக இருக்கலாம் என்ற ஐயத்துடன் வந்தவர்கள் அவர்கள். யாருக்கு ஆஸ்பிரின், யாருக்கு ஸ்ட்ரெப்டோகைனேஸ், யாருக்கு இரண்டும், யாருக்கு வெற்று மருந்து மட்டும் என்பது குலுக்கல் முறையில் முடிவானது. ஐந்து வாரங்களுக்குள் இதய, இரத்தநாளக் காரணங்களால் இறந்தவர்கள், வெற்று மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 13.2 பேர், இரண்டு மருந்தும் பெற்றவர்களில் 8 பேர். மாரடைப்பு என்றதும் மருத்துவர் இன்று ஆஸ்பிரின் கொடுப்பதன் பின்னால் அந்த முன்பின் அறியாதவர்களின் சம்மதம் இருக்கிறது.

அதே ஆய்வில் ஒரு வேடிக்கையும் உண்டு. நோயாளிகளை ராசிவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, மிதுனத்துக்கும் துலாத்துக்கும் ஆஸ்பிரின் பயன் தரவில்லை என்று கணக்கு காட்டியது! சிறு கூட்டத்தை வைத்து முடிவு கட்டினால் மருத்துவமும் சோதிடமாகிவிடும் என்பதை உணர்த்தவே ஆய்வாளர்கள் இதை வெளியிட்டனர். ஆயிரக்கணக்கானோர் ஏன் தேவை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை.

சரி, சேர்வது எப்படி? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007இல் தொடங்கிய ஆய்வுப் பதிவேட்டை எவரும் கட்டணமின்றித் தேடலாம். 2009 ஜூன் முதல் மருந்து ஆய்வுகளை அதில் பதிவது கட்டாயம். நாள்பட்ட நோயுள்ளவருக்கு இது போதும். நெஞ்சுவலியோடு வருபவர் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருக்க முடியாது. ஆய்வைத் தேடி ஒரு நிமிடத்தையும் இழக்கக் கூடாது. அங்கே நோயாளி ஆய்வைத் தேடுவதில்லை, ஆய்வே நோயாளியைத் தேடி வருகிறது. ஆகவே இதய நோய் ஏற்கெனவே உள்ளவர்கள், இப்படிக் கேட்டால் என்ன சொல்வது என்பதை உடல் நன்றாயிருக்கும்போதே வீட்டாரோடு பேசி வைப்பது நல்லது.

மறுத்தாலும் வழக்கமான சிகிச்சை உண்டு. சேர்ந்த பின்னும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஆய்வினால் தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவத்துக்கும் இழப்பீட்டுக்கும் 2019ஆம் ஆண்டு விதிகளில் இடமிருக்கிறது. இவையெல்லாம் ஒப்புதல் படிவத்தில் இருக்க வேண்டியவைதான். ஆனால் எந்தத் தமிழில்? 'சமவாய்ப்பு முறையில் ஒதுக்கீடு செய்யப்படுவீர்கள்' என்று எழுதினால், கலங்கிய கண்களோடு படிப்பவருக்கு என்ன விளங்கும்? 'எந்த மருந்து என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்வோம்' என்றால் விளங்கும். விளங்காமல் இட்ட கையெழுத்தைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

அதே விதிகள், ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் மருத்துவம் சாராத சாதாரண மனிதர் ஒருவரும் இருக்க வேண்டும் என்கின்றன. ஒரு சொல் தவறான இடத்தில் விழுந்தால் துடித்துப்போகிற நம்மைப் போன்ற வாசகர்கள் அமர வேண்டிய நாற்காலி அது என்று எனக்குத் தோன்றுகிறது. படிவத்தை உரக்கப் படித்துவிட்டு, 'இது எனக்கே புரியவில்லை, மாற்றி எழுதுங்கள்' என்று அங்கே ஒருவர் சொல்ல வேண்டும்.