பின் இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள்

நம் சங்க அன்பர்கள் செடான் வாங்கப் போனால் சன்ரூஃப், பெரிய திரை என்றுதான் ஒப்பிடுகிறார்கள். ரயில்வேயில் உழைத்த எனக்கு இது சம்மதமில்லை. ரயிலில் சக்கரத்துக்கு மேலே படுத்தால் குலுக்கல் அதிகம், பெட்டியின் நடுவில் குறைவு. ஊருக்குப் போய்வரும் நாம் அறிந்ததுதானே! காரிலும் அதே கணக்கு. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி ஹோண்டா சிட்டியில் 2600 மில்லிமீட்டர், ஸ்கோடா ஸ்லாவியாவில் 2651, ஹூண்டாய் வெர்னாவில் 2670. இது கூடினால் பின்னால் இருப்பவரைத் தூக்கிப் போடுவது பொதுவாகக் குறையும். (ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் சங்கதி வேறு.) ஆனால் செடானில் இருக்கை தாழ்வு. முழங்கால் வலியுள்ள தாயாரை ஷோரூமுக்கு அழைத்துப் போய், நாலு தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். ஓட்டிப் பார்க்கும்போதும் பள்ளமான சாலையில் மகன் ஓட்டட்டும். நீங்கள் பின்னால் அமருங்கள்.