யாருடைய மூக்கு?

"ஒரு வாரம் பிரான்ஸ் கிராமத்துல கல்வீடு எடுத்துத் தங்கினோம், அப்படி ஒரு அமைதி!" இந்த வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை, போனவர்களோடு இல்லை. காசிருக்கிறது, போகிறார்கள். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஃபார்ம் ஸ்டே பிடிக்கிறார்கள். இரண்டு பேரும் கேட்பது ஒன்றைத்தான்: கிராமம் வேணும், ஆனா அது சத்தம் போடக்கூடாது, நாறக்கூடாது.

பிரான்சில் இந்த வாடகை வீடுகளுக்கு 'ழீத்' என்று பெயர். போருக்குப் பிறகு விவசாயக் குடும்பங்கள் நகரங்களுக்குப் போய்விட, பழைய வீடுகள் இடிந்துகொண்டிருந்தன. அவற்றைச் செப்பனிட்டு வாடகைக்கு விட்டால் வீடும் நிற்கும், குடியானவனுக்கும் கையில் நாலு காசு வரும் என்று 1950களில் தொடங்கிய ஏற்பாடு இது. 1955இல் அதற்கென ஒரு கூட்டமைப்பே உருவானது. ஊர்க்காரன் ஊரிலேயே இருக்கத்தான் விருந்தாளியைக் கூப்பிட்டார்கள்.

பிற்பாடு விருந்தாளிக்கு ஊரே தொந்தரவாகிவிட்டது. ஒலெரோன் தீவில் விடுமுறை வீடு வைத்திருந்த ஒரு தம்பதி, பக்கத்து வீட்டுச் சேவல் விடியற்காலையில் கூவுகிறது என்று வழக்குப் போட்டார்கள். சேவலின் பெயர் மோரிஸ். 2019இல் மோரிஸ் பக்கம் தீர்ப்பு வந்தது. பிரான்ஸ் இதைச் சிரித்துவிட்டு விடவில்லை. 2021 ஜனவரியில் கிராமப்புறத்தின் ஒலிகளையும் வாசனைகளையும் நாட்டின் பொது மரபில் சேர்த்துச் சட்டம் கொண்டுவந்தது. சேவல் கூவும், சாணம் நாறும், வந்தவர்தான் அனுசரித்துப் போகணும்.

இப்போது எங்க மாவட்டத்துக்கு வாங்க. பிரெஞ்சு வாசனை தேடிப் புதுச்சேரி வருகிற நண்பர்கள், அப்படியே பிச்சாவரத்தில் படகுச் சவாரிக்கும் போவார்கள். வழியில் கடலூரைத் தாண்டியதும் கார்க் கண்ணாடியை ஏற்றிவிடுவார்கள். அங்கேதான் செம்மங்குப்பம் இருக்கிறது. செய்தி படிப்பவர்களுக்கு இந்தப் பெயர், 2025 ஜூலை 8 அன்று பள்ளி வேன்மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்த கேட்டாகத்தான் தெரியும். இந்த வட்டாரத்துக்கு அதைவிடப் பழைய துயரம் ஒன்று உண்டு. 1980களில் வந்த சிப்காட்டும் அதன் ரசாயன, மருந்து, சாய ஆலைகளும்தான் அது.

2003இல் ஓய்வுபெற்ற நீதிபதி கனகராஜ் இங்குள்ள மாசைப் பற்றி மக்கள் தீர்ப்பாய அறிக்கை தந்தார். 2004இல் சுற்றுக் கிராமத்து மக்களே பிளாஸ்டிக் வாளியில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். எந்த நேரத்தில் என்ன நாற்றம் என்று குறித்தும் வைத்தார்கள்: அழுகின முட்டை, நகப்பூச்சு, இன்னும் என்னென்னவோ.

என் கேள்வி இதுதான். விடுமுறைக்கு வந்தவர் காதில் சேவல் கூவினால் அது புகார். அங்கேயே பிறந்து வளர்ந்தவர் மூக்கில் ரசாயனம் ஏறினால் மட்டும் அதற்கு ஆய்வகச் சான்று வேணுமா?

"அப்போ லீவுக்கே போகக்கூடாதா? ஆலையை மூடிட்டா வேலைக்கு எங்க போறது?" என்பீர்கள். தாராளமாகப் போங்க. வேலையும் வேணும்தான். ஆனால் காற்றை அளக்கிற வேலையும் ஊர்க்காரன் தலையில்தான் விழணுமா? அதுக்குத்தானே வாரியம் இருக்கு, சம்பளம் இருக்கு. இன்னொன்றும் சொல்லணும். கிராமத்தை எழுதுகிற நாம் பச்சை வயலோடும் பாட்டி வீட்டோடும் நிறுத்திக்கொள்கிறோம். ஆலைக்குப் பக்கத்தில் இருப்பதும் கிராமம்தான்.

விடுமுறை வீட்டைக் காலி செய்கிறவர் விருந்தினர் ஏட்டில் ஒரு குறை எழுதினால் வீட்டுக்காரர் பதறிப்போய்ச் சரிசெய்கிறார். குடிகாட்டிலும் ஈச்சங்காட்டிலும் செம்மங்குப்பத்திலும் காலி செய்துவிட்டுப் போக வேறு வீடு இல்லாதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லுக்கும் அதே பதற்றம் வேண்டும். அதற்குப் பிறகு பேசலாம், கிராமத்து அமைதியைப் பற்றி.