தெருவில் வீசப்பட்ட தாள்கள்

தோழர்களே,

வங்கியில் என் தலையில் விழுந்த வேலைகளில் ஒன்று, பழைய லெட்ஜர்களைத் துணியில் கட்டித் தேதி எழுதி அலமாரியில் அடுக்குவது. யாரோ ஒரு மிராசுதாரர் முப்பது வருஷத்துக்கு முன்னால் வாங்கிய டிராக்டர் கடனின் காகிதம்கூட கரையான் அரிக்காமல் அங்கே இருக்கிறது. எங்கள் சித்தப்பா பறையடிப்பவர். கூத்துக்குப் பாட்டும் கட்டுவார். எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தார். அவர் செத்தன்னைக்கு பாய், துணிமணியோடு அந்த நோட்டையும் சுடுகாட்டில் போட்டுக் கொளுத்தினோம். நானும்தான் தூக்கிப் போட்டேன். அப்போது நான் பட்டப்படிப்பு இரண்டாம் வருஷம். படித்தவன்!

ஜூலியஸ் ஈஸ்ட்மனின் கதையைப் படித்தபோது அந்த நோட்டு ஞாபகத்துக்கு வந்தது. அதனால்தான் இந்தத் தலையங்கம்.

ஈஸ்ட்மன் அமெரிக்கக் கறுப்பர். 1940இல் பிறந்தவர். பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் இசைக் கல்லூரியில் படித்துத் தேறியவர். பியானோ கலைஞர், பாடகர், எல்லாவற்றுக்கும் மேலாக மேற்கத்திய செவ்வியல் மரபில் புதிய இசை எழுதியவர். பீட்டர் மேக்ஸ்வெல் டேவிஸ் என்ற ஆங்கிலேயர் பைத்தியம் பிடித்த ராஜாவைப் பற்றி எழுதிய இசைப் படைப்பை அவர் பாடிய பதிவு, கிராமி விருதுக்கான பட்டியல்வரை போனது. தன்பாலின ஈர்ப்பு கொண்டவர். அதை மறைக்கவும் இல்லை. கறுப்பன், இசைக்காரன், தன்பாலினன் – மூன்றிலும் முழுசாக இருப்பேன் என்று வெளிப்படையாகச் சொன்னவர். மூன்றில் ஒன்றை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வா என்றுதானே எல்லா சபாக்களும் சொல்கின்றன?

அவருடைய 'ஃபெமினைன்' 1974ஆம் வருஷத்துப் படைப்பு. தொடக்கம் முதல் முடிவுவரை சலங்கை மணிகள் ஓயாமல் குலுங்குகின்றன. அதன்மேல் இரண்டே சுரங்களில் பிறக்கும் ஒரு சின்னத் துண்டு, ஒரு மணிநேரத்துக்கும் மேலாகத் திரும்பத் திரும்ப வந்து வளர்கிறது. புதிய பகுதி வரும்போது பழையதைத் துடைத்துவிட்டு வருவதில்லை, அதைச் சுமந்துகொண்டே வருகிறது. இந்த முறைக்கு அவர் வைத்த பெயர் உயிர்ம இசை. கேட்டுப் பாருங்கள். சாவு வீட்டு வாசலில் விடிய விடிய ஒரே அடியைப் பிடித்து ஏத்திக்கிட்டே போகும் நம்ம ஆளுங்களின் கை உங்களுக்குத் தெரிந்தால், இந்த இசை அந்நியமாக இருக்காது.

1980 ஜனவரியில் சிகாகோ பக்கத்திலுள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் நான்கு பியானோக்களுக்கான மூன்று படைப்புகளை அரங்கேற்றினார். அவற்றில் இரண்டின் தலைப்பில், கறுப்பர்களை வெள்ளையர்கள் கேவலமாகத் திட்டும் அதே சொல்லை வைத்திருந்தார். எதிர்ப்பு கறுப்பின மாணவர்களிடமிருந்தே வந்தது. தலைப்புகள் அச்சாகவில்லை. ஈஸ்ட்மன் மேடையேறி விளக்கம் சொன்னார்: வயலில் வேலை செய்த அடிமைகளின் முதுகின்மேல்தான் இந்த நாட்டின் பொருளாதாரமே எழுந்தது, எனக்கு அந்தச் சொல் அடித்தளத்தைக் குறிக்கிறது. அந்த மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வசையை வாங்கியவனுக்குத்தான் அதன் வலி தெரியும். அதைத் தலைப்பாக எடுத்து ஏந்தியவனுக்கும் அதே வலிதான். 'தலித்' என்ற சொல்லை ஏற்பதா வேண்டாமா என்று நமக்குள்ளேயே எத்தனை இரவு சண்டை போட்டிருக்கிறோம்!

1980களின் தொடக்கத்தில் வாடகை பாக்கிக்காக நியூயார்க்கில் குடியிருந்த வீட்டிலிருந்து அவரை வெளியேற்றினார்கள். நம்மூர் அமீனா மாதிரி அங்கே ஷெரீப்பின் ஆட்கள். சாமான்களோடு இசைக்குறிப்புகளும் தெருவுக்குப் போயின. பெரும்பகுதி அப்படியே தொலைந்தது. கொஞ்ச காலம் பூங்காவில் படுத்திருந்தார். 1990 மே 28 அன்று பஃபலோ நகர மருத்துவமனையில் இறந்தபோது வயசு 49. எட்டு மாதம் கழித்துத்தான் ஒரு பத்திரிகையில் இரங்கல் செய்தி வந்தது.

படைப்பாளி என்றால் வறுமை இருக்கத்தானே செய்யும் என்பார்கள். இருக்கட்டும். ஃபிலிப் கிளாஸ் நியூயார்க்கில் டாக்சி ஓட்டினார், குழாய் ரிப்பேர் பார்த்தார். சார்லஸ் ஐவ்ஸ் இன்ஷூரன்ஸ் தொழில் செய்தார். நானும் பகலில் செலான் எண்ணிவிட்டு ராத்திரி கவிதை எழுதுகிறவன்தான். வேலையும் கலையும் ஒன்றாக ஓடும். ஆனால் அவர்கள் இருவரின் தாள்களும் பத்திரமாக இருக்கின்றன. ஈஸ்ட்மன் குடித்தார், யாரோடும் ஒத்துப்போகவில்லை என்றும் சொல்வார்கள். பீத்தோவன் யாரோடு ஒத்துப்போனார்? ருஷ்யாவின் முஸார்க்ஸ்கி குடித்தே 1881இல் செத்தார். அவருடைய கையெழுத்துப் பிரதிகளை ரிம்ஸ்கி கோர்சகோவ் உட்கார்ந்து ஒழுங்குபடுத்தி அச்சுக்குக் கொடுத்தார். குடித்தவனையும் வரலாறு மன்னிக்கும். எந்தக் குடிகாரனை என்பதில்தான் இருக்கிறது விஷயம்.

புலிட்சர் பரிசை இசைக்காக 1943 முதல் கொடுக்கிறார்கள். ஜார்ஜ் வாக்கர் என்ற கறுப்பர் அதைப் பெற 1996 ஆகிவிட்டது. 1883இல் திறந்த நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓப்பராவில் ஒரு கறுப்பர் எழுதிய ஓப்பரா ஏறியது 2021இல். அதுவரை திறமைசாலி ஒருவன்கூடப் பிறக்கவில்லையா? 'தகுதி' என்ற அந்தப் பழைய பாட்டை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஈஸ்ட்மனை மீட்டது எந்த நிறுவனமும் அல்ல. 1998இல் மேரி ஜேன் லீச் என்ற இன்னொரு இசைப் படைப்பாளி, பத்து செல்லோக்களுக்காக அவர் எழுதிய ஒரு படைப்பைத் தேடி இறங்கினார். தெரிந்தவர்களைக் கேட்டு, பழைய ஒலிநாடாக்களைத் துருவி, ஏழு வருஷம் அலைந்தார். 2005இல் மூன்று குறுந்தகடுகள் வந்தன. ஈஸ்ட்மனின் பெயரிலுள்ள ஆங்கில எழுத்துகளையே மாற்றி அடுக்கினால் கிடைக்கும் 'நியாயமற்ற நோவு' என்ற பொருள்தரும் சொற்கள்தான் அதன் தலைப்பு. அந்தச் செல்லோ படைப்பின் தாள்கள் கிடைக்கவே இல்லை. பதிவைக் காதால் கேட்டுக் கேட்டுச் சுரம் சுரமாக மறுபடி எழுதினார்கள். இன்று அவர் இசை பல நாட்டு மேடைகளில் ஒலிக்கிறது. சந்தோஷம்தான். ஆனால் கைதட்டல் கேட்க அவர் இல்லை. அடக்கம் செய்தபிறகு கொண்டாடுவது ஆதிக்கத்துக்குச் சுலபம். செத்தவன் வாடகை கேட்கமாட்டான், தலைப்பும் வைக்கமாட்டான்.

கையெழுத்துப் பிரதி தானாகத் தொலைவதில்லை. வீடில்லாதவனின் தாள் தொலைகிறது. அலமாரி யாருடையதோ வரலாறும் அவருடையதாகிறது. வருகிற பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது சித்தப்பாவோடு பாடியவர்களில் மிச்சமிருக்கும் இரண்டு பெரியவர்களைப் பார்க்கப் போகிறேன். ஞாபகம் இருப்பதை அவர்கள் பாடட்டும், செல்போனில் பதிந்துகொள்வேன். பாதிதான் வரும். வரட்டும்.

தோழர்களே, உங்கள் வீட்டுப் பரணில் ஒரு நோட்டு இருக்கும். பழைய கேசட் இருக்கும். திண்ணையில் பாடத் தெரிந்த ஒரு பாட்டி இருப்பார். அடுத்த இதழிலிருந்து அவற்றுக்கென்று நான்கு பக்கங்கள் ஒதுக்குகிறோம். எழுத்துப்பிழையைப் பார்க்காதீர்கள், அனுப்புங்கள். கொளுத்துவதற்கு முன்னால் அனுப்புங்கள்.

தோழமையுடன்,
ஆசிரியர் குழுவுக்காக.