மூச்சுக்குத் துணை நிற்போர்

உணவின்றிச் சில வாரங்களும் நீரின்றிச் சில நாள்களும் உயிர் தரித்திருக்கக்கூடும். மூச்சின்றியோ சில நிமிடங்களே. ஆகவேதான், மூச்சுத் திணறுவோரை ஏற்றிச் செல்லும் ஆம்புலன்ஸ் எத்துணை விரைவாக ஓடும் என்பதினும், அதனுள் உடன் அமர்ந்திருப்பவர் யார் என்பதே பெரிய வினா என்கிறோம்.

வத்திராயிருப்பு வட்டாரத்தில் இவ்வினாவுக்குத் தேவை மிகுதி. இராசபாளையம் நூற்பாலைகளில் பல்லாண்டு பஞ்சுத் தூசியைச் சுவாசித்தோர்க்கு நெஞ்சு இறுகும். விறகடுப்புப் புகையில் வாழ்நாளைக் கழித்த தாய்மார்க்கும், புகைபிடிக்கும் ஆடவர்க்கும் மூச்சுக்குழல்கள் குறுகும். தாணிப்பாறையிலிருந்து சதுரகிரி ஏறும் முதியோருள் இதய நோயுடையோர்க்கு ஏற்றத்திலேயே மூச்சு முட்டலாம். இவர்கள் உயர்சிகிச்சை நாடித் திருவில்லிபுத்தூருக்கோ விருதுநகருக்கோ மதுரைக்கோ செல்ல வேண்டும். அப்பயண நேரமே பலர்க்கு ஆயுளை முடிவு செய்யும் நேரமாகிவிடுகிறது.

தமிழகத்தில் 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 சேவையில், ஓட்டுநருடன் பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளரும் வருகிறார். அவர் செய்வன பார்வைக்கு எளியவை, பொருளில் பெரியவை. படுக்க வைத்தால் திணறல் மிகும் என்பதறிந்து, நோயாளியைச் சாய்ந்தமரச் செய்கிறார். விரலில் கருவி பொருத்தி இரத்தத்தின் உயிர்வளி அளவைக் காண்கிறார். பெரும்பாலோர்க்கு அது 94 முதல் 98 விழுக்காடு வரை இருத்தல் வேண்டும். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுடையோர்க்கோ 88 முதல் 92 போதும்; மிகுதியாகச் செலுத்தினால் கரியமிலவாயு தேங்கி மயக்கம் நேரலாம். ஆஸ்துமாவெனில், மருத்துவர் தொலைபேசியில் கூறும் அறிவுரைப்படி மருந்தை ஆவியாக்கி முகமூடி வழியே தருகிறார். உருளையின் கணக்கும் அவர் பொறுப்பே. 1,500 லிட்டர் கொண்ட உருளை, நிமிடத்திற்கு 10 லிட்டர் வீதம் செலுத்தினால் 150 நிமிடத்தில் தீர்ந்துபோகும்.

இவ்வேளையில் உற்றார் சூழ்ந்து நின்று, "வண்டியை எடுங்கள்" என்று பதறுகின்றனர். பதற்றம் இயல்பே. ஆயினும் உயிர்வளி பொருத்தச் செலவாகும் ஓரிரு நிமிடம் தாமதம் அன்று; சிகிச்சையின் தொடக்கம் அதுவே.

2021 மே மாதம், பெருந்தொற்றின் இரண்டாம் அலையில், சென்னை இராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை வாயிலில் ஆம்புலன்சுகள் நோயாளிகளுடன் வரிசையில் காத்து நின்றன. படுக்கை கிடைக்கும் வரை ஊர்தியே மருத்துவமனையாயிற்று. நின்றுவிட்ட ஊர்தியில் விரைவுக்கு வேலையில்லை. உடனிருந்தோர் பணிக்கே வேலை இருந்தது. இவ்வுண்மையை மறத்தலாகாது.

சமுதாயப் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் பல ஊர்களில் ஆம்புலன்ஸ் வாங்கி அறப்பணி ஆற்றுகின்றன. அதனை மனமாரப் போற்றுகிறோம். ஆனால் ஓட்டுநர் ஒருவரை மட்டும் கொண்ட ஊர்தி, மூச்சுத் திணறுபவர்க்கு வாடகை வண்டியினும் சிறிதே மேலானது. ஊர்திக்கு நிதி தருவோர், பயின்ற உதவியாளர் ஒருவரின் ஊதியத்திற்கும், உருளை என்றும் நிரம்பியிருப்பதற்கும் நிதி ஒதுக்க வேண்டும். ஊர்தியின் மீது கொடையாளர் பெயரைப் பொறிக்கலாம்; ஊதியத்தின் மீது பொறிக்க இயலாது. மறைவாய்க் கொடுக்கும் ஸதக்காவின் சிறப்பை அறிந்த சமுதாயத்திற்கு இது தடையாகுமா?

மாணவச் செல்வங்களே! முதலுதவிப் பயிற்சியை நாட்டு நலப்பணித் திட்டத்தின் வழியே கேட்டுப் பெறுங்கள். மருத்துவ உதவியாளர் பணியைத் தாழ்வாக எண்ணாதீர். சாலையில் அவ்வூர்திக்கு வழிவிடுவது நம் கடமை. அதனுள் அமரத் தகுந்தவர்களை உருவாக்குவதும் நம் கடமையே.