செத்த பவளத்துக்கு வளர்த்தவரே பொறுப்பா?

பவளத்தொட்டி வைத்திருப்பவர்களிடையே, மறுபேச்சின்றி ஏற்கப்பட்ட ஒரு தீர்ப்பு உண்டு: தொட்டியில் எது செத்தாலும் வளர்த்தவர்தான் காரணம். தீனியை அள்ளிப் போட்டிருப்பார், விளக்கைத் திடீரென்று கூட்டியிருப்பார், காரத்தன்மையை ஏறி இறங்க விட்டிருப்பார், களிம்பு பூசிய கையைத் தண்ணீருக்குள் விட்டிருப்பார். எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்பார்கள். வாரந்தோறும் கிலோக் கணக்கில் கொட்டப்படும் உப்பைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. “இத்தனை பேர் இதே உப்பைத்தானே போடுகிறார்கள்” என்ற ஒரு வரியோடு விசாரணை முடிந்துவிடும்.

இந்தத் தீர்ப்பு வேதியியல்படியும் தவறு, நியாயப்படியும் தவறு. மாசுபட்ட உப்புக்கு இதைவிட விசுவாசமான காவல் கிடைக்காது.

நம் வாசகர்களில் பலருக்கு இந்த உலகம் புதிதாக இருக்கலாம். கடினப் பவளங்கள் 2001 முதல் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருப்பதால், இது பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய வீடுகளின் பொழுதுபோக்கு. கடலிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி வாழ்பவர்கள், ஆர்.ஓ. கருவியில் வடித்த நீரில் சால்ட் மிக்ஸ் எனப்படும் செயற்கைக் கடல் உப்பைக் கரைத்து, வரவேற்பறையிலேயே ஒரு கடலை உண்டாக்குகிறார்கள். கட்டைவிரல் அளவுத் துண்டாக வாங்கிய அக்ரோபோரா பவளம் கையகல மரமாகக் கிளைக்கப் பல ஆண்டுகள் ஆகும். அது வெளுத்து, அடியிலிருந்து சதை உரிந்து, வெறும் சுண்ணாம்புக் கூடாக நிற்க இரண்டு நாள் போதும்.

முதலில் எடைக்கணக்கைப் பார்ப்போம். கடல்நீரின் உப்பளவை எட்ட, லிட்டருக்கு 35 முதல் 40 கிராம் உப்புக் கலவை தேவை. 400 லிட்டர் தொட்டியில் வாரம் ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு ஏறக்குறைய 3 கிலோ, ஆண்டுக்கு 150 கிலோ உப்பு. தீனியும் மருந்தும் நுண்சத்துச் சொட்டுகளும் சேர்ந்தாலும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. தண்ணீருக்கு அடுத்தபடியாகத் தொட்டிக்குள் அதிகம் போகும் பொருள் இதுதான். அதிகம் போவதை விட்டுவிட்டு அரைச் சிட்டிகை போவதையெல்லாம் விசாரிப்பது என்ன துப்பறிதல்?

வளர்ப்பவர்மேல் பழி போடும் பழக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பெரும்பாலான சாவுகளுக்கு வீட்டுக்குள்ளேயே காரணம் இருக்கிறது. ஆர்.ஓ. சவ்வு தேய்ந்துபோயிருக்கும். பம்பின் காந்தம் உறை வெடித்துத் துருவேறியிருக்கும். புதிதாக வந்தவர் பொறுமை இல்லாமல் மாதத்துக்குப் பத்து உயிர்களை இறக்கியிருப்பார். அனுபவசாலிகள் சொல்வது பத்தில் எட்டு முறை சரியாக இருக்கும் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் ‘பெரும்பாலும்’ என்பது எப்போது ‘எப்போதும்’ ஆனது? சவ்வையும் காந்தத்தையும் வளர்ப்பவர் தாமே கழற்றிப் பார்த்துவிடலாம். வாளிக்குள் இருக்கும் உப்பில் என்ன கலந்திருக்கிறது என்பதை அவரால் பார்க்க முடியாது. எதைப் பார்க்க முடியவில்லையோ அதற்கே முதலில் விடுதலை கொடுத்துவிடுகிறோம்.

“வாளியில் இருப்பது சுத்தமான உப்பு, உணவுத் தரம்” என்பது அடுத்த சமாதானம். உணவுத் தரம் என்றால் என்ன? உணவு உப்புக்கான கோடெக்ஸ் தரநெறி, 150-1985 என்ற எண்ணுடையது, கிலோவுக்கு 2 மில்லிகிராம் செம்பு வரை அனுமதித்தது. மனிதருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்புச் சாப்பிடுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த 5 கிராமில் சேரும் செம்பு ஒரு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கு. பவளம் உப்பைச் சாப்பிடுவதில்லை, அதற்குள்ளேயே வாழ்கிறது. அந்த வரம்பை ஒட்டிய உப்பை லிட்டருக்கு 35 கிராம் கரைத்தால், நீரில் செம்பு லிட்டருக்கு 70 மைக்ரோகிராம் ஆகும். திறந்த கடலின் மேற்பரப்பு நீரில் இருப்பதோ ஒரு மைக்ரோகிராமுக்கும் வெகு குறைவு.

செம்பு முதுகெலும்பில்லாத உயிர்களை என்ன செய்யும் என்று இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கடல்மீனுக்கு வெண்புள்ளி நோய் வந்தால் லிட்டருக்கு 150 முதல் 200 மைக்ரோகிராம் செம்பு கொடுப்பார்கள், அதுவும் தனித்தொட்டியில். பவளமும் இறாலும் நத்தையும் இருக்கும் தொட்டியில் அந்த மருந்தை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது என்பது அவர்கள் கற்கும் முதல் விதிகளில் ஒன்று. உணவுத் தரத்தின் விளிம்பில் நிற்கும் உப்போ அந்த மருந்தளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகச் செம்பைச் சத்தமில்லாமல் கொண்டுவந்து சேர்த்துவிடும். மனிதர் நாக்குக்குப் பழுதில்லாதது பவளத்தின் உடம்புக்கும் பழுதில்லாதது என்ற நினைப்பு இந்த ஒரு கணக்கில் உடைந்துபோகிறது.

யாரும் வேண்டுமென்றே செம்பைக் கலப்பதில்லை. மாசு வரும் வழிகள் சாதாரணமானவை. செயற்கைக் கடல் உப்பு ஒற்றைப் பொருள் அல்ல. சோடியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடு, சோடியம் சல்ஃபேட், கால்சியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு, சோடியம் பைகார்பனேட் எனப் பல தொழிற்சாலைகளின் சரக்குகள் ஒரே கலக்கியில் சேர்கின்றன. லிட்டர் கடல்நீருக்கு நீரேறிய மெக்னீசியம் குளோரைடு மட்டுமே ஏறக்குறைய 11 கிராம் வேண்டும். அது எந்த உவர்நீரிலிருந்து, எந்தச் சுரங்கத்திலிருந்து வந்ததோ அதன் சுவடுகளோடுதான் வரும். கால்சியம் குளோரைடு பெருமளவில் சோடா ஆஷ் தயாரிக்கும் சால்வே முறையின் உபபொருள். அந்த முறையே அம்மோனியாவைக் கொண்டு நடப்பது. இந்தக் குளோரைடுகள் ஈரத்தை இழுப்பவை, உலோகத்தை அரிப்பவை. கலக்கியிலோ கொட்டுகுழாயிலோ ஒரு பித்தளை உறுப்பு இருந்தால் போதும். மூலப்பொருள் தருபவர் ஒருமுறை மாறினாலே பெயரும் வாளியும் விலையும் அப்படியே இருக்க, உள்ளே இருப்பது வேறு உப்பாகிவிடும்.

இது வெறும் யூகம் என்று தள்ளுபவர்களுக்கு, கேள்வி பழையது என்று நினைவூட்ட வேண்டும். கிரெய்க் பிங்மனும் ஹவாய் பல்கலைக்கழகத்தின் மார்லின் அட்கின்சனும் கடைகளில் விற்கும் பல உப்புகளைப் பகுப்பாய்வு செய்து 1997இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சுவட்டு உலோகங்கள் பல, இயற்கைக் கடல்நீரில் இருப்பதைவிடப் பன்மடங்கு இருப்பதாக அவர்களின் எண்கள் காட்டின. 2003இல் ரொனால்ட் ஷிமெக் என்ற உயிரியலாளர், புதிதாகக் கரைத்த சில உப்பு நீர்களில் கடல் முள்ளெலியின் லார்வாக்களை வளர்த்துப் பார்த்தார். சிலவற்றில் அவை தேறின, சிலவற்றில் மடிந்தன.

இரண்டு ஆய்வுகளுக்கும் கடுமையான மறுப்புகள் வந்தன. பிற்பாடு வந்த சில அளவீடுகளில் உலோகங்களின் அளவு வெகுவாகக் குறைந்திருந்தது. நீரிலுள்ள கரிமப் பொருட்கள் செம்பைப் பிணைத்துக்கொள்வதால், கருவி காட்டும் எண் முழுவதும் நஞ்சாகச் செயல்படுவதில்லை என்பதும் உண்மை. எனவே எல்லா உப்பும் விஷம் என்று இங்கே யாரும் வாதிடவில்லை. அளக்க அளக்க வெவ்வேறு எண் வரும் ஒரு பொருளை அளக்காமலே நம்புங்கள் என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? கேள்வி அவ்வளவுதான்.

இந்த நம்பிக்கையின் மிகக் கொடூரமான விளைவு, சிகிச்சை என்ற பெயரில் வருகிறது. நத்தைகள் கண்ணாடியிலிருந்து உதிர்கின்றன. இறால் தோலுரிக்கும்போதே செத்துப்போகிறது. பவளம் மொட்டுகளை உள்ளிழுத்துக்கொள்கிறது. உடனே எல்லோரும் சொல்லும் அறிவுரை: “தண்ணீரை மாற்றுங்கள்.” எதைக் கொண்டு? அதே வாளி உப்பைக் கொண்டு. வாளி 20 கிலோ என்றால், மேலே சொன்ன தொட்டிக்கு ஏழு வாரம் வரும். வாரம் ஐந்தில் ஒரு பங்கு மாற்றிக்கொண்டே போனால், வாளி காலியாகும்போது தொட்டி நீரில் ஐந்தில் நான்கு பங்கு அதிலிருந்து வந்ததாக இருக்கும். பவளம் இன்னும் வாடினால் இன்னும் அதிகமாக மாற்றச் சொல்வார்கள். உப்பு குற்றவாளியாக இருக்கவே முடியாது என்று முடிவுகட்டிவிட்டவர்களின் ஊரில், அக்கறையுள்ளவரின் தொட்டிதான் முதலில் சாகிறது. சோம்பேறியின் தொட்டி தப்பிப் பிழைக்கிறது. பிறகு அந்தச் சோம்பேறியையே சாட்சிக்கு அழைப்பார்கள்: “அவரும் இதே உப்புத்தானே, அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே!”

இந்தச் சாட்சி எத்தனை ஓட்டையானது என்று பாருங்கள். ஒரே பெயர் என்பதால் ஒரே பேட்ச் ஆகிவிடாது. தவறு நேர்வது பெயரில் அல்ல, ஒரு குறிப்பிட்ட நாளில் கலக்கப்பட்ட பேட்ச்சில். ஒரே பேட்ச் என்றாலும் இரண்டு தொட்டிகள் ஒன்றல்ல. ஒருவர் கரி வைத்து வடிகட்டுகிறார், மற்றவர் வைப்பதில்லை. ஒருவரிடம் முரட்டு மென்பவளங்கள், மற்றவரிடம் தொட்டால் வாடும் அக்ரோபோரா. எல்லாவற்றையும் இழந்தவர் தொட்டியை விற்றுவிட்டு இந்தப் பக்கமே வராமல் போய்விடுகிறார். எஞ்சி நிற்பவர்களின் குரல் மட்டும் கேட்கும் இடத்தில், உப்பு எப்போதும் நல்ல உப்பாகவே இருக்கும். புழுத்த அரிசியை விற்றுவிட்டு, உலை வைத்தவரின் கைப்பக்குவத்தைக் குறை சொல்லும் வியாபாரம் இது.

“லேபிளில் எல்லாம் போட்டிருக்கிறதே” என்பார்கள். லேபிளில் இருப்பவை பொதுவாகக் கால்சியம், மெக்னீசியம், காரத்தன்மை ஆகிய மூன்றும்தான். அவையும் பெரும்பாலும் நிறுவனம் எட்ட விரும்பும் இலக்குகள். உங்கள் கையிலிருக்கும் வாளியை அளந்து எழுதியவை அல்ல. செம்பு, ஈயம், அலுமினியம், துத்தநாகம் பற்றி அதில் ஒரு சொல் இருக்காது. வீட்டு டெஸ்ட் கிட்டும் உதவாது. செம்புக்கான கிட்டுகள் மருந்தளவை அளக்கச் செய்யப்பட்டவை. அதற்கு வெகு கீழே அவற்றின் நிறம் பெரும்பாலும் மாறாது, வளர்ப்பவரும் ‘செம்பு இல்லை’ என்று எழுதிவைத்துக்கொள்வார்.

பத்தாண்டுக்கும் மேலாக ஐ.சி.பி. சோதனை வளர்ப்போருக்கும் எட்டும் தூரத்துக்கு வந்திருக்கிறது. நீரைப் பல ஆயிரம் டிகிரிப் பிளாஸ்மாச் சுடரில் தெளித்து, அது உமிழும் ஒளியை வைத்துத் தனிமங்களை அளக்கும் முறை அது. ஜெர்மனியின் ட்ரைடன் போன்ற ஆய்வகங்கள் தபாலில் மாதிரி வாங்கிச் செய்து தருகின்றன. ஓரிரு மைக்ரோகிராம் அளவில் அதன் எண்ணை வேதவாக்காகக் கொள்ள முடியாது. பத்துக் கணக்கில் ஏறியிருக்கும் செம்பை அது தவறவிடாது. ஒரு வீட்டுக்காரர் தபால் செலவு செய்து அறிந்துகொள்ளக்கூடியதை, டன் கணக்கில் உப்புக் கலக்கும் நிறுவனம் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் செய்து வெளியிட முடியாதா? முடியும். கேட்பார் இல்லாததால் பலர் செய்வதில்லை. கேட்பாரை வாயடைக்க, ‘வளர்த்தவர் தவறு’ என்ற தீர்ப்பு எப்போதும் தயாராக இருக்கிறது.

“இப்படிப் பேசினால் மக்களுக்கு நம்பிக்கை போய்விடும்” என்று ஒரு கவலையும் உண்டு. நம்பிக்கை பேச்சால் போவதில்லை. ஒருவர் பல ஆண்டு வளர்த்ததை இழந்து, எண்களோடு கேள்வி கேட்கும்போது, “உங்கள் ஆர்.ஓ.வைப் பாருங்கள்” என்ற அச்சடித்த பதில் வருகிறதே, அப்போது போகிறது. அதே பேட்ச் வாங்கிய மற்றவர்களுக்கும் அதே பதில்தான் போனது என்று பின்னால் தெரியவரும்போது மிச்சமும் போகிறது. அதன்பின் அவர் எந்த வாளியையும் நம்ப மாட்டார், நல்ல நிறுவனத்தின் வாளியையும்தான். தன் உப்பைப் பொறுப்பாகச் சோதிப்பவருக்கும் சேர்த்தே இந்த மௌனம் கேடு செய்கிறது. செத்த பவளத்தின் இடத்தை நிரப்ப வாங்கப்படும் இன்னொன்று, இந்தோனேசியாவின் பவளத்திட்டிலிருந்து வெட்டப்பட்டதாகவும் இருக்கலாம். சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட உயிர்கள் அவை. நட்டம் ஒரு வீட்டோடு முடிவதில்லை.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. வாளியின் மேல் பேட்ச் எண் தெளிவாக இருக்க வேண்டும். அந்த எண்ணுக்குரிய சுவட்டு உலோக அளவுகள், வாங்குவதற்கு முன்பே பார்க்கக் கிடைக்க வேண்டும். ஒரு பேட்ச்மேல் இரண்டு மூன்று புகார் வந்தாலே மற்ற வாடிக்கையாளர்களுக்கு எச்சரிக்கை போக வேண்டும். வளர்ப்பவருக்கும் கடமை உண்டு. ஒவ்வொரு வாளியைத் திறக்கும்போதும் நன்றாகக் கலக்கி, ஒரு பிடி உப்பைப் பிளாஸ்டிக் டப்பாவில் எண் எழுதி மூடி வைக்கட்டும். சந்தேகம் வந்தால் தொட்டி நீரை மட்டும் அனுப்பாமல், புதிதாகக் கரைத்த உப்புநீரையும் உப்பில்லாத ஆர்.ஓ. நீரையும் தனித்தனியே சோதனைக்கு அனுப்பட்டும். மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குற்றம் குழாயிலா, உப்பிலா, தொட்டியிலா என்ற சண்டை பாதி தீர்ந்துவிடும். உப்பின்மேல் தவறில்லை என்று தெரிந்தால் அதையும் அதே உரத்த குரலில் சொல்லட்டும்.

பவளம் வளர்ப்பவர் தன் தவறைத் தேடிப் பார்ப்பது நல்ல பழக்கம், அதை யாரும் கைவிட வேண்டாம். அதற்கு ஈடாக, உப்பு விற்பவர் தன் சரக்கைத் தேடிப் பார்த்ததற்கான ஆதாரத்தை மேசைமேல் வைக்க வேண்டும். இதுவரை பெரும்பாலும் முதல் வேலை மட்டுமே நடந்துவருகிறது. இரண்டாவது நடக்கும்வரை, “உன் தவறுதான்” என்று சொல்பவரிடம் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்தப் பேட்ச்சின் சோதனை முடிவு எங்கே?