தொட்டுக்கக் கொஞ்சம் சோறு

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு பாதியில கிடந்த பதிவு இது. சமையல் குறிப்பு மட்டும் போதும்னு வந்தவங்க நேரா கீழே சொதிக்குப் போயிடலாம். மத்தவங்க கொஞ்சம் புலம்பலையும் கேட்டுட்டுத்தான் போகணும் :-)

மாவுச்சத்தைக் குறைச்சு சைவச் சமையல் பண்றது எப்படின்னு இப்போ எங்க திரும்பினாலும் பேச்சு. பேசற ஆள்ல பாதிப்பேரு "சைவத்துல முடியவே முடியாது, முட்டையாவது சாப்பிடுங்க"ங்கறாங்க. மீதிப்பேரு காலிஃப்ளவரைத் துருவி அதுக்கு சாதம்னு பேரு வெச்சுக்கிட்டு இருக்காங்க. ரெண்டுமே எனக்கு ஒப்புதல் இல்லை. முடியும். அதுக்குக் காலிஃப்ளவரைச் சித்திரவதை பண்ணவும் வேண்டாம். ஆனா அதுக்கு ஒரு விலை இருக்கு. அந்த விலையைப் பத்தி யாரும் எழுதறதில்லைங்கறதுதான் என் வயித்தெரிச்சல்.

எங்க வீட்டுல அஞ்சு பேர். மாமனார், மாமியார், ரங்கமணி, பையன், நான். திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக் குடும்பம், முட்டை வாசலைக்கூடத் தாண்டினதில்லை. மாமாவுக்கு சர்க்கரை பதினஞ்சு வருஷமா இருக்கு. அத்தைக்கு எல்லைக்கோட்டுல. ரங்கமணிக்கு வயித்தைப் பார்த்தாலே தெரியும், வரிசையில நிக்கறார்னு. இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2023ல வெளியான ஐ.சி.எம்.ஆர்-இன்டியாப் ஆய்வு, நாட்டுல 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, இன்னொரு 13.6 கோடிப் பேர் வாசப்படியில நிக்கறாங்கன்னு சொல்லுது. அதே ஆய்வுக் குழு 2025ல இன்னொண்ணு சொல்லிச்சு: இந்தியாக்காரன் சாப்பிடற கலோரியில சுமார் 62 சதம் மாவுச்சத்துல இருந்துதான் வருது. எங்க வீட்டுல எடுத்திருந்தா அதைவிடக் கூடத்தான் வந்திருக்கும்னு நினைக்கிறேன். காலையில இட்லி, மத்தியானம் சோறு, சாயங்காலம் முறுக்கு, ராத்திரி தோசை. நாலும் ஒரே அரிசி, வேற வேற வேஷம்.

மாமாவைக் கூட்டிட்டுப் போன ஒரு ஆஸ்பத்திரியில உணவு ஆலோசகர் அச்சடிச்ச தாள் ஒண்ணு குடுத்தாங்க. "அரிசியை நிறுத்தவும். சப்பாத்தி 4." அவ்வளவுதான். இந்தச் சப்பாத்தி எப்படி நம்ம ஊர்ல மருந்தாச்சுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியலை. கணக்கைப் பாருங்க. ஒரு சப்பாத்திக்கு 30 கிராம் மாவு, நாலுக்கு 120 கிராம். கோதுமை மாவுல 100 கிராமுக்கு 64 கிராம் போல மாவுச்சத்து. ஆக நாலு சப்பாத்தியில 77 கிராம். பச்சரிசியில 100 கிராமுக்கு 78. அதாவது நாலு சப்பாத்தியும், 100 கிராம் அரிசி வடிச்ச சோறும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். நார்ச்சத்து கொஞ்சம் கூட, அதை ஒத்துக்கறேன். ஆனா சோத்தை விட்டுட்டேன்னு தியாகம் பண்ணின நிம்மதியில மனுஷன் அஞ்சாவது சப்பாத்தியைக் கேப்பார் பாருங்க, அங்கதான் இடிக்கும்.

சிறுதானியமும் அதே கதைதான். சாமையும் வரகும் 65, 66. கேழ்வரகு 67. தினை 60. அரிசியைவிட நல்லதா? நல்லதுதான், நார் இருக்கு, கால்சியம் இருக்கு. ஆனா "சிறுதானியம்தானே"ன்னு தட்டு நிறைய வெச்சுக்கிட்டா என்ன பிரயோஜனம்? கேப்பைக் கூழைக் கரைச்சு சொம்பு சொம்பாக் குடிச்சுட்டு, சர்க்கரை ஏன் இறங்கலைன்னு கேக்கற சொந்தக்காரங்க எனக்கு நாலு பேர் இருக்காங்க.

அடுத்தது பேலியோ கோஷ்டி. பத்து வருஷம் முன்னாடி அந்த அலை அடிச்சப்போ சைவக்காரங்களுக்கு அவங்க சொன்ன காலைச் சாப்பாடு 100 பாதாம். எண்ணித் தட்டுல வைக்கணுமாம். அஞ்சு பேருக்கு 500 பாதாம். வீட்டை அடமானம் வெச்சுத்தான் வாங்கணும். நிலக்கடலை வாங்கித் தரேன்னா "அது பயறு வகை, ஆதிமனுசன் சாப்பிடலை"ங்கறாங்க. ஆதிமனுசன் சாப்பிட்டானான்னு எனக்கென்ன கவலை, எங்க மாமா சாப்பிடுவாரா, அதுதான் கேள்வி. (நிலக்கடலையும் தென்னமெரிக்காவுல இருந்து வந்த சரக்குதான்ங்கறது வேற விஷயம். இப்போ அதுக்கு நம்ம ஊர் ரேஷன் கார்டே குடுத்தாச்சு.)

ஆனா அவங்க சொன்னதுல ஒரு விஷயம் உண்மை, அதை மறைக்கக் கூடாது. சைவத்துல புரதம் தனியா வராது, மாவுச்சத்தைக் கையோட கூட்டிட்டு வரும். துவரம்பருப்புல 100 கிராமுக்கு 22 கிராம் போல புரதம்னு பெருமைப்படறோமே, கூடவே 55 கிராம் மாவுச்சத்து, ரெண்டரை மடங்கு. சாம்பார்ல புரதம் இருக்குன்னு சொல்லி ரெண்டு கரண்டி சாம்பாருக்கு நாலு கரண்டி சோறு சாப்பிட்டா விடை என்னன்னு நீங்களே போட்டுக்கங்க. அதனால பருப்பு மட்டும் போதாது. வேர்க்கடலையில 24 புரதம், 17 மாவுச்சத்து. பன்னீர்ல மாவுச்சத்து பருப்பைவிட ரொம்பக் குறைவு. மீல்மேக்கர்ல பாதிக்குப் பாதி புரதம். அதை ஊறப்போட்டு நல்லாப் பிழிஞ்சு, மசாலாவோட பொடிமாஸ் பண்ணினா பையன் கேக்காம சாப்பிடறான்.

இனிமே என் கட்சிக்கு வர்றேன்.

நம்ம பாஷையிலேயே வம்பு இருக்கு மக்கா. காய்க்கு நாம வெச்ச பேரு தொடுகறி. தொட்டுக்க என்ன இருக்குன்னுதான் கேக்கறோம். சோறுதான் ராஜா, மத்ததெல்லாம் விரல் நுனியில தொட்டுக்கற சமாச்சாரம். சோத்தை ஒழிக்கணும்னு நான் சொல்லலை. இந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கன்னு சொல்றேன். கூட்டும் பொரியலும் அவியலும் தட்டு நிறைய, சோறு தொட்டுக்க. எங்க வீட்டுல முன்னாடி ஆளுக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் அரிசி போடுவேன். இப்போ 40. 25 கிலோ மூட்டை மாவுக்கும் சேர்த்து ஒரு மாசம் வந்துக்கிட்டு இருந்தது, இப்போ ரெண்டு மாசம் தாண்டுது.

40 கிராம் எதுக்கு, அதையும் நிறுத்திடுங்களேன்னு ஒருத்தர் கேட்டார். நிறுத்தினா மாமா மூணாம் நாள் தெருமுனை மெஸ்ல உட்கார்ந்திருப்பார். அந்த ஐ.சி.எம்.ஆர் தரவை வெச்சு 2022ல வந்த இன்னொரு கட்டுரையும், சர்க்கரையைப் பின்வாங்க வைக்கக் கலோரியில 49லேர்ந்து 54 சதம் மாவுச்சத்து, 20 சதம் போல புரதம்னுதான் சொல்லிச்சு. பாதிக்குப் பாதி. அது நம்ம அடுப்படிக்குள்ள நடக்கக்கூடிய காரியம். கீட்டோன்னு சொல்லி அம்பது கிராமுக்குள்ள நிறுத்தறது மத்தியான வீட்டுச் சமையலுக்கு ஒத்துவராது. ஒத்துவந்தா சந்தோஷம், ஒரு மாசம் கழிச்சு வந்து சொல்லுங்க.

காயை முதல்ல சாப்பிட்டுட்டு சோத்தைக் கடைசியில சாப்பிடறதும் பலன் குடுக்குது. அமெரிக்காவுல 2015ல 11 பேரை மட்டும் வெச்சு ஒரு சின்ன ஆய்வு நடந்தது. அதே சாப்பாடு, வரிசை மட்டும் மாத்தினதுல சாப்பாட்டுக்கு அப்புறம் ஏறுற சர்க்கரை நல்லாவே குறைஞ்சுது. சின்ன ஆய்வுதான், ஆனா காசு செலவில்லாத மருந்து. அத்தைதான் ஆரம்பத்துல "சோறு போடாம வெறுங்கறியைத் திங்கச் சொல்றியே, யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க"ன்னு கேட்டாங்க. யாரும் பாக்கலை.

காய்லயும் ஆள் பார்த்து எடுக்கணும். புடலை, சுரை, பீர்க்கு, பூசணி எல்லாம் 100 கிராமுக்கு 5 கிராமைத் தாண்டாது. கத்தரி, வெண்டை, அவரை, கொத்தவரை, கோவைக்காய், வாழைத்தண்டு, கீரை எல்லாம் தாராளமா. உருளை, சேனை, வாழைக்காய், மரவள்ளி இதெல்லாம் காய் வேஷம் போட்ட சோறு. அவியல்ல சேனையும் வாழைக்காயும் இல்லாமலான்னு நாகர்கோவில்காரங்க கம்போட வருவாங்கன்னு தெரியும். தலைக்கு ரெண்டு துண்டு போட்டுக்கங்க, சண்டை வேண்டாம்.

சரி, சொதி. எங்க ஊர் மாப்பிள்ளைச் சொதி, உருளைக்கிழங்கு இல்லாம. ஒரு தேங்காயைத் துருவி மூணு பால் எடுத்துக்கங்க. முருங்கைக்காய், பீன்ஸ், சின்ன வெங்காயம், கொஞ்சமா கேரட், உருளைக்குப் பதில் நூக்கல். மூணாம் பால்ல காயை வேக வெச்சு, ரெண்டு டேபிள்ஸ்பூன் பாசிப்பருப்பு வெந்ததைச் சேர்த்து, இஞ்சி பச்சைமிளகாய் அரைச்சதைப் போட்டு, ரெண்டாம் பாலை ஊத்திக் கொதிக்க விடுங்க. முதல் பாலைக் கடைசியில ஊத்தி, நுரைகட்டி வர்றப்போ இறக்கிடணும். கொதிச்சா திரிஞ்சு போயிடும். எலுமிச்சை அடுப்பை அணைச்ச பிறகுதான். தொட்டுக்க இஞ்சிப் பச்சடி, வெல்லத்தைக் கிள்ளிப் போட்டா போதும். இதைக் குழிக்கிண்ணத்துல ஊத்தி ஸ்பூன் போட்டுக் குடுத்தேன். மாமா ரெண்டு கிண்ணம் சாப்பிட்டுட்டு, "சோறு இன்னிக்கு வேண்டாம்"னுட்டார். தேங்காய்க் கொழுப்பு பெரும்பாலும் உறைகொழுப்புதான், அதனால சொதி வாரத்துக்கு ஒரு தடவை, வருஷத்துக்கு ரெண்டு தடவை கொலஸ்ட்ரால் பார்த்துக்கறோம். வெண்ணெயை உருட்டி முழுங்குங்கன்னு சொல்ற கட்சியில நான் இல்லை.

ராத்திரிக்கு அரிசி போடாத பெசரட்டு. முழுப் பாசிப்பயறு ஊறவெச்சு அரைச்சது, உள்ள முட்டைக்கோஸும் பன்னீரும். ஒண்ணு, பசிச்சா ஒண்ணரை. வேர்க்கடலை, எள்ளு, வத்தல் வறுத்துப் பொடிச்சு ஒரு டப்பாவுல இருக்கு. எந்தப் பொரியலா இருந்தாலும் இறக்கறப்போ ஒரு கை.

முக்கியமான ஒண்ணு, இதுல விளையாட்டு வேண்டாம். சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுக்கறவங்க டாக்டர்கிட்ட சொல்லாம சோத்தைக் குறைச்சா, சர்க்கரை திடீர்னு இறங்கி மயக்கம் வரும். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுக்கறவங்க மாவுச்சத்தை ஒரேயடியா வெட்டினா வேற விதமான ஆபத்து, ரத்தத்துல அமிலம் ஏறிடும். சிறுநீரகப் பிரச்சனை இருந்தா புரதத்தை இஷ்டத்துக்குக் கூட்டக் கூடாது. மெட்ஃபார்மின் எடுக்கற சைவக்காரங்க பி12 பார்த்துக்கங்க, மருந்தும் குறைக்கும், நம்ம சாப்பாட்டுலயும் அது கம்மி. மாமாவுக்கு டாக்டர்தான் பார்த்துப் பார்த்து ஒரு மாத்திரையைக் குறைச்சார். ஏழு மாசத்துல ஹெச்பிஏ1சி 8.6லேர்ந்து 7.1.

இப்போ அந்த விலை. அரிசியைக் கழுவி குக்கர்ல வைக்க அஞ்சு நிமிஷம். அஞ்சு பேருக்கு முன்னாடி ஒரு கிலோ காய் போதும், இப்போ ரெண்டரை கிலோ. கொத்தவரங்காய் நார் எடுக்கணும், கீரை ஆயணும், வாழைத்தண்டு நார் விரல்ல சுத்தணும். நாளைக்கு ஒண்ணரை மணி நேரம் கூடுதலா அடுப்படியில. "மாவுச்சத்தைக் குறைங்க"ன்னு ஒரு டாக்டர் ஒரு வரியில சொல்றது, இன்னொருத்தி முதுகுவலியாத்தான் வீட்டுக்குள்ள வருது. "நான் டயட்டுல இருக்கேன்"னு அறிவிக்கற ஆம்பளைங்க எத்தனை பேர் அருவாமணை முன்னாடி உட்கார்ந்திருக்கீங்க? கை தூக்குங்க பார்ப்போம்.

இன்னொரு கொடுமை, நோயாளிக்குத் தனிச் சமையல்ங்கறது. ஒரே மேசையில நாலு பேர் சோத்தைப் பிசைஞ்சு சாப்பிட, ஒரு மனுஷன் மட்டும் வெந்த காயைப் பார்த்துக்கிட்டு இருக்கறது சாப்பாடு இல்லை, தண்டனை. எத்தனை நாள் தாங்குவார்? ஆக்கறவளுக்கும் ரெண்டு அடுப்பு வேலை. அதனால எங்க வீட்டுல ஒரே சமையல், எல்லாருக்கும். பையன் வளர்ற பிள்ளை, அவனுக்கு மட்டும் சோறு கூட ரெண்டு கரண்டி. அவ்வளவுதான் சலுகை.

காய் நறுக்கறது இப்போ பொது வேலை. ராத்திரி சீரியல் ஓடறப்போ ஆளுக்கொரு தட்டு. மாமா அவரைக்காய் நரம்பு எடுக்கறதுல கில்லாடி, அத்தை பொடியா நறுக்குவாங்க, பையன் பட்டாணி உரிக்கறேன்னு பாதியைத் தின்னுடுவான். ரங்கமணி முதல் வாரம் ஆபீஸ் கால் இருக்குன்னு நழுவினார். சரி, கால்ல பேசறது வாய்தானே, கை சும்மாத்தானே இருக்குன்னு தட்டைக் கொண்டுபோய் மடியில வெச்சுட்டேன்.

இன்னிக்கு சந்தையில ரெண்டு வாழைப்பூ வாங்கி வந்திருக்கேன். கள்ளன் எடுக்கற வேலை யாருக்குன்னு இன்னும் அவர்கிட்ட சொல்லலை :))